நீறு பூத்த நெருப்பு: மஜ்ஜைக்குள் ஓடும் ரத்தத்தை அளப்பது

ஒருத்தர்கிட்ட டாக்டர் இப்படிச் சொல்றார்னு வச்சுக்கோங்க: "உங்க எலும்பு மஜ்ஜையில் புற்றுநோயா மாறக்கூடிய செல்கள் இருக்கு. ஆனா இப்போ மருந்து வேண்டாம். மூணு மாசம் கழிச்சு வாங்க." அன்னிக்கு ராத்திரி அவருக்குத் தூக்கம் வருமா? இந்த எபிசோட்ல அந்தக் காத்திருப்பைப் பத்தித்தான் பேசப்போறேன்.

மஜ்ஜையில் பிளாஸ்மா செல் என்று ஒரு வகை வெள்ளை அணு இருக்கிறது. ஆன்டிபாடி தயாரிப்பது அதன் வேலை. அதில் ஒரே ஒரு செல் கட்டுப்பாடு இழந்து பெருகினால் வருவது மைலோமா. ஆனா அது ஒரே நாளில் வர்றதில்ல. முதல் கட்டத்துக்கு எம்.ஜி.யு.எஸ். என்று பெயர். அமெரிக்காவின் மினசோட்டாவில் நடந்த ஆய்வில், 50 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 3 சதவீதம் பேருக்கு இது இருந்தது. இவங்கள்ல வருஷத்துக்கு 100 பேரில் ஒருத்தருக்குத்தான் நோய் முற்றும்.

அடுத்த கட்டம் ஸ்மோல்டரிங் மைலோமா. நம்ம ஊர்ப் பேச்சுல சொன்னா, நீறு பூத்த நெருப்பு. முதல் ஐந்து வருடங்களில், ஆண்டுக்கு 100 பேரில் சுமார் 10 பேருக்கு இது முழு நோயாக மாறுகிறது. அதன் பிறகு வேகம் குறைகிறது. சிலருக்குப் பல வருஷம் ஆனாலும் ஒண்ணும் ஆகறதில்ல. அப்போ அந்தப் பத்துப் பேர் யார்? எல்லாருக்கும் மருந்து கொடுத்தா, பலருக்கு வீணாகப் பக்கவிளைவு. யாருக்குமே கொடுக்கலைன்னா, சிலருக்கு எலும்பு முறியும், சிறுநீரகம் கெடும்.

இங்கதான் ரத்த ஓட்டம் கதைக்குள்ள வருது. கட்டி வளரணும்னா அதுக்குப் புது ரத்தக் குழாய்கள் வேணும் என்று 1971-ல் ஜூடா ஃபோக்மன் எழுதினார். 1994-ல் இத்தாலியின் பாரி நகரத்தில் ஆஞ்சலோ வாக்காவின் குழு மஜ்ஜைத் துண்டுகளை மைக்ராஸ்கோப்பில் ஆராய்ந்தது. எம்.ஜி.யு.எஸ். கட்டத்தைவிடத் தீவிர மைலோமாவில் குழாய்கள் அதிகமாக இருந்தன. ஆனா பயாப்ஸி என்பது இடுப்பெலும்பில் ஒரே ஒரு இடத்தில் ஊசி போட்டு எடுக்கிறது. இந்த நோயோ மஜ்ஜையில் அங்கங்கே திட்டுத்திட்டாகவும் இருக்கும்.

அதனால ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் ஆய்வாளர்கள் எம்.ஆர்.ஐ. பக்கம் போனாங்க. கை நரம்பில் காடோலினியம் கலந்த கான்ட்ராஸ்ட் மருந்தை ஏத்திட்டு, முதுகெலும்பை சில விநாடிகளுக்கு ஒரு தடவை, சில நிமிஷம் வரைக்கும் தொடர்ந்து படம் எடுக்கிறாங்க. மழை பெய்ததும் ஒரு தெருவுல தண்ணி எவ்வளவு வேகமா ஏறுது, எவ்வளவு வேகமா வடியுதுன்னு பார்க்கிற மாதிரி. மருந்து சட்டுனு நிறைஞ்சு சட்டுனு வெளியேறினா, அங்கே குழாய்கள் அதிகம், அதன் சுவர்களில் கசிவும் அதிகம் என்று அர்த்தம். எந்த அறிகுறியும் இல்லாத ஆரம்பக் கட்டத்தினரிலேயே ஒரு பிரிவினருக்கு இந்த ஓட்டம் இயல்பை மீறி இருந்தது. சாம்பலுக்கு அடியில கங்கு எங்க இருக்குன்னு தொடாமலே பார்க்க ஒரு வழி.

அப்போ எல்லாருக்கும் இதை எடுத்துட வேண்டியதுதானேன்னு தோணும். அவ்வளவு சுலபம் இல்ல. வயசு ஏற ஏற மஜ்ஜையில் கொழுப்பு கூடி, ரத்த ஓட்டம் தானாகவே குறையும். அதனால 40 வயசுக்காரர் அளவை 70 வயசுக்காரரோட அப்படியே ஒப்பிட முடியாது. மெஷினும் கணக்கிடும் முறையும் மாறினா எண்ணும் மாறும். சிறுநீரகம் ரொம்பக் கெட்டவர்களுக்குக் காடோலினியம் ஆபத்தாகலாம்; மைலோமாவோ சிறுநீரகத்தைத் தாக்கும் நோய். அதனால இந்த அளவீடு இன்னும் ஆராய்ச்சிக்கூடத்துப் பக்கம்தான் நிற்குது.

ஆனா சாதாரண எம்.ஆர்.ஐ. ஏற்கெனவே ஒரு முக்கியமான விதியை மாத்திடுச்சு. 2014-க்கு முன்னாடி, பொதுவா உடம்புல சேதம் தெரிஞ்ச பிறகுதான் சிகிச்சை. அந்த வருஷம் சர்வதேச மைலோமா நிபுணர் குழு விதியைத் திருத்தியது. எம்.ஆர்.ஐ.யில் 5 மில்லிமீட்டரோ அதுக்கு மேலயோ அளவுள்ள திட்டுகள் ஒன்றுக்கு மேல் இருந்தால், அறிகுறி இல்லாவிட்டாலும் அது மைலோமாதான், சிகிச்சை தொடங்கலாம். எலும்பு உடையற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்ல.

உங்க வீட்டுல, அப்பாவோ பாட்டியோ, யாராவது இந்தக் காத்திருப்பில் இருந்தா, டாக்டரிடம் மூணு கேள்வி கேளுங்க. முழு உடம்புக்கோ, இல்ல முதுகெலும்புக்கும் இடுப்புக்குமோ எம்.ஆர்.ஐ. எடுத்தாச்சா? திட்டு ஏதாவது தெரிஞ்சுதா, எத்தனை? மறுபடி எப்போ எடுக்கணும்? நடுவுல புதுசா முதுகுவலி வந்தா, "வயசாயிடுச்சு, அப்படித்தான்"னு விட்டுடாதீங்க. அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காம உடனே சொல்லுங்க.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.