தலையில் ஒரு துண்டு

வீட்டில் துவைத்த பருத்தித் துண்டு ஒன்று இருந்தால் எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள். இன்றைக்குப் பேச்சோடு கொஞ்சம் கைவேலையும் உண்டு. தலையில் துணி கட்டும் விதங்களைப் பற்றிப் பேசப் போகிறோம். வானொலியில் படம் காட்ட முடியாது. நான் சொல்லச் சொல்ல நீங்களே கட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

எழுபது, எண்பது ஆண்டுகளுக்கு முன்னால் வெள்ளைக்காரப் பெண்கள் கட்டிய தலைத்துணிப் பாணிகள் இப்போது நகரத்து இளம்பெண்களிடம் மறுபடியும் வந்திருக்கின்றன. சதுரமான ஸ்கார்ஃப், நெற்றியில் ஒரு முடிச்சு, அல்லது தாடைக்குக் கீழே ஒரு முடிச்சு. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த முடிச்சு ஏன் நெற்றியில் விழுந்தது, ஏன் பிடரியில் விழவில்லை என்று கேட்டால் பதில் கண்ணாடிக்கு முன்னால் கிடைக்காது. வேலை செய்யும் இடத்தில்தான் கிடைக்கும். அதற்கு நம் கள்ளக்குறிச்சி மாவட்டமே போதும்.

முதலில் கரும்புத் தோட்டம். இந்த மாவட்டத்தில் மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயப்பாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. அரவைக் காலத்தில் வெட்டுக்கு இறங்கும் பெண்களைப் பாருங்கள். புடவைக்கு மேலே வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டை. தலையில் துண்டு. கரும்புச் சோகையின் ஓரம் பட்டாலே தோல் கிழியும். அதிலிருக்கும் சுணை காதிலும் கழுத்திலும் இறங்கி நாள் முழுக்க அரிக்கும். அதற்கேற்ற கட்டு இது.

துண்டை விரித்துப் பிடியுங்கள். நீளமான ஓரத்தின் நடுப்பகுதியைப் புருவத்துக்கு இரண்டு விரல் மேலே வையுங்கள். இரண்டு முனைகளையும் காதுகளை மூடியபடி பின்னால் கொண்டுபோங்கள். முதுகுப்பக்கம் தொங்கும் துணிக்கு மேலாக, பிடரியில் ஒரு முடிச்சு. அவ்வளவுதான். மிச்சத் துணி கழுத்தில் விழுந்து கிடக்கும். குனிந்து வேலை செய்கிறவருக்கு வெயில் முகத்தில் அடிப்பதைவிடப் பின்கழுத்தில்தான் அதிகம் அடிக்கும். அந்த இடத்தை இந்தத் தொங்கல் காக்கிறது. தாடைக்குக் கீழே முடிந்தால் ஒவ்வொரு முறை குனியும்போதும் முடிச்சு தொண்டையை உறுத்தும். களை எடுப்பிலும், நடவிலும், நூறு நாள் வேலையிலும் இதே கட்டுதான்.

அடுத்தது மலை. கச்சிராயப்பாளையம் தாண்டி, கோமுகி அணையை ஒட்டி ஏறினால் கல்வராயன் மலை. மேலே வெள்ளிமலையும் கரியாலூரும். மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள். மரவள்ளி, சாமை, கடுக்காய், புளி, தேன் எல்லாம் அங்கே உண்டு. 1976இல் அரசு எடுத்துக்கொள்ளும்வரை ஜாகீர்தார்கள் என்ற பரம்பரை நிலவுடைமையாளர்கள் வசம் இருந்த மலை இது. சாலைகள் மெல்லத்தான் மேலே ஏறின. சரிவிலிருக்கும் காட்டிலிருந்து வண்டி நிற்கும் இடம்வரை மூட்டையோ விறகோ தலைச்சுமையாகத்தான் வந்தாக வேண்டும்.

அங்கே துண்டு சும்மாடாகிறது. துண்டைக் கயிறுபோல முறுக்குங்கள். இடது கை நான்கு விரல்களையும் சேர்த்து வைத்து, அதன்மேல் வளையமாகச் சுற்றுங்கள். கடைசி முனையை வளையத்துக்குள் விட்டு இழுத்துச் செருகுங்கள். உச்சந்தலையில், நடுவிலிருந்து சற்றே முன்பக்கமாக வையுங்கள். வட்டமான மண்டையின்மேல் மூட்டை நேராக உட்கார்ந்தால் ஒரே இடத்தில் பாரம் இறங்கும். கால் எடுத்து வைக்கும்போது ஆடும். சும்மாடு அந்தப் பாரத்தை வளையம் முழுக்கப் பங்கிடுகிறது, சுமையையும் உருளவிடாது. இறக்கி வைத்ததும் அதே துணியை உதறி முகம் துடைத்துக்கொள்ளலாம், பழம் கிடைத்தால் முடிந்துகொண்டு போகலாம்.

மழைக்கு வேறொன்று. சாக்கின் அடிமூலை ஒன்றை மற்ற மூலைக்குள் தள்ளினால் கூம்பு மாதிரி ஒரு தலைமூடி கிடைக்கும். கொங்காணி. தலையும் முதுகும் நனையாது. குடை பிடித்தால் ஒரு கை போய்விடும். நாற்று நடவோ ஆடு ஓட்டவோ இரண்டு கையும் வேண்டும். முன்பெல்லாம் கோணிச்சாக்கு, இப்போது உரச்சாக்கு. முறை மாறவில்லை.

ஆண்கள் கட்டுவதில் இரண்டு வகையைப் பிரித்துச் சொல்லலாம். துண்டை நீளவாக்கில் மூன்றாக மடித்து, நடுவைப் பிடரியில் வைத்து, முனைகளை நெற்றிக்குக் கொண்டுவந்து ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிச் செருகினால் அது தலைக்கட்டு. உச்சி திறந்திருக்கும்; வியர்வை கண்ணில் இறங்காது. கிணறு வெட்டுகிறவர், மரம் அறுக்கிறவர், செங்கல் சூளையில் நிற்கிறவர் கட்டுவது இது. மடிக்காமல் விரித்து உச்சியையும் மூடிச் சுற்றினால் முண்டாசு. ஏர் ஓட்டுகிறவருக்கும் வண்டி ஓட்டுகிறவருக்கும் வெயில் நேராகத் தலையில் இறங்கும். அவர்களுக்கு முண்டாசுதான் சரி.

இப்போது முதலில் சொன்ன அந்த நெற்றி முடிச்சுக்கு வருவோம். இரண்டாம் உலகப் போர். அமெரிக்காவில் ஆண்கள் போருக்குப் போக, பெண்கள் தொழிற்சாலைகளுக்கு வந்தார்கள். கடைசல் இயந்திரத்திலும் துளையிடும் இயந்திரத்திலும் தலைமுடி சிக்கினால் உயிரே போகும். ஒரு கண்ணை மறைத்து முடியை விழவிட்டு அந்தக் காலத்தில் பெயர் வாங்கியவர் நடிகை வெரோனிகா லேக். அவரைப் பார்த்துத் தொழிலாளிப் பெண்களும் அப்படியே முடியை விட்டார்கள். கடைசியில் அந்த நடிகையே 1943இல் தன் முடியை மேலே தூக்கிக் கட்டிக் காட்ட வேண்டியதாயிற்று. அதே 1943இல்தான் ஹோவர்ட் மில்லர் என்ற ஓவியர் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்துக்காக வரைந்த ஒரு சுவரொட்டி அதன் தொழிற்சாலைகளில் ஒட்டப்பட்டது. சிவப்புத் துணியில் வெள்ளைப் புள்ளிகள், நெற்றிக்கு மேலே முடிச்சு, சட்டைக் கையைச் சுருட்டி முழங்கையை மடக்கிக் காட்டும் ஒரு பெண். இன்றைய நெற்றி முடிச்சைப் பார்த்தால் பலருக்கும் நினைவுக்கு வருவது அந்தப் படம்தான்.

அந்தக் கட்டையும் பாருங்கள். சதுரத் துணியை முக்கோணமாக மடியுங்கள். நீளப் பக்கம் பிடரியில், கூர்முனை நெற்றியில். முடி முழுவதும் உள்ளே. இரண்டு பக்க முனைகளையும் முன்னால் கொண்டுவந்து கூர்முனைக்கு மேலே முடிச்சுப் போடுங்கள். கூர்முனையை முடிச்சின்மேல் மடக்கி உள்ளே செருகுங்கள். முடிச்சின் காதுகளையும் செருகிவிடுங்கள். வெளியே தொங்குவது எதுவுமே இருக்கக் கூடாது. இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறவளுக்குக் கழுத்தில் தொங்கல் ஆபத்து. வயலில் குனிகிறவளுக்கு அதே தொங்கல் பாதுகாப்பு. இரண்டும் வெயிலும் சக்கரமும் கற்றுக்கொடுத்த கட்டுகள்.

சக்கரம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இசடோரா டங்கன் என்று உலகப் புகழ்பெற்ற நடனக் கலைஞர். 1927 செப்டம்பரில் பிரான்சின் நீஸ் நகரில் திறந்த கார் ஒன்றில் ஏறினார். கழுத்தில் நீளமான பட்டுத் துணி. அது சக்கரத்தில் சிக்கி, அந்த இடத்திலேயே உயிர் போயிற்று. கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்துப் பக்கம் நின்றால், துப்பட்டாவை முகத்தைச் சுற்றிக் கட்டி, கண் மட்டும் தெரிய ஸ்கூட்டரில் போகும் பெண்கள் எத்தனையோ பேர். புழுதிக்கும் வெயிலுக்கும் நல்ல கட்டு. ஆனால் கடைசி முனையைச் சட்டைக்குள் செருகாமல் பின்னால் பறக்கவிடாதீர்கள். அதற்கு மேலே தலைக்கவசமும் வேண்டும். துணி அதற்கு ஈடாகாது. மாவு மில்லிலும், கரும்புச்சாறு பிழியும் இயந்திரத்திலும், கதிரடிக்கும் இயந்திரத்திலும் நிற்கிறவர்களுக்கு நெற்றி முடிச்சுதான் சரியான கட்டு.

இதுவரை எப்படிக் கட்டுவது என்று பார்த்தோம். யார் கட்டலாம் என்ற கேள்வி இருக்கிறதே, அது இன்னும் பெரியது.

ஆணின் தலைத்துணி நம் ஊர்களில் மரியாதையாகவும் ஆகிவிட்டது. கல்யாணத்தில் உருமால். கோயிலில் பரிவட்டம். யாருக்கு முதல் பரிவட்டம் என்று சண்டை போட்டுக்கொண்டு நீதிமன்றப் படி ஏறிய ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. பெண் வயலில் கட்டிய துண்டுக்கு இப்படி ஒரு மேடை கிடைக்கவில்லை. அது கூலிக்காரி அடையாளம் என்றே நின்றுபோனது.

மரியாதை ஒருவருக்கு உண்டென்றால், இன்னொருவருக்கு இல்லை என்று அர்த்தம். நிலக்காரர் எதிரே வந்தால் முண்டாசை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஒதுங்கி நிற்க வேண்டும் என்று ஒடுக்கப்பட்ட சாதியாரைக் கட்டாயப்படுத்திய காலம் தமிழ்நாட்டு ஊர்களில் இருந்தது. 1930இல் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியார் ஆதிதிராவிட மக்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். ஹட்டன் என்ற ஆங்கில அதிகாரி சாதி பற்றிய தம் நூலில் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். அதில் ஒரு தடை, வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது என்பது. வெயிலில் ஒருவர் தன் தலையை மறைத்துக்கொள்வதற்கே தடை!

கடலுக்கு அப்பால் நேர்மாறான ஓர் ஆணை. 1786இல், ஸ்பெயின் ஆட்சியில் இருந்த லூசியானாவில், ஆப்பிரிக்க வம்சாவளிச் சுதந்திரப் பெண்கள் தலைமுடியைத் துணியால் மூடியே தீர வேண்டும் என்று ஆளுநர் மீரோ உத்தரவிட்டார். அவர்களைத் தாழ்த்திக் காட்டத்தான். அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? நல்ல துணியாக வாங்கி, நிறம் நிறமாக, உயர உயரக் கட்டி, அவமானத்தை அலங்காரமாக்கிவிட்டார்கள். அவிழ் என்பதும் ஆணை, கட்டு என்பதும் ஆணை. அடுத்தவர் தலைமேல் தனக்கு அதிகாரம் உண்டென்று நினைப்பதில் இரண்டும் ஒன்றே.

கரீபியன் தீவுகளில் இன்றும் பெண்கள் விழாக்களில் கட்டும் கட்டம்போட்ட தலைத்துணிக்கு மெட்ராஸ் என்றே பெயர். நம் சோழமண்டலக் கரையிலிருந்து போன துணி. பழவேற்காடு தொடங்கித் தெற்கே நம் பழைய தென்னார்க்காட்டின் கடலூர், பரங்கிப்பேட்டை வரைக்கும் துணி ஏற்றிய துறைமுகங்கள் இருந்தன. கள்ளக்குறிச்சியும் அந்தத் தென்னார்க்காட்டைச் சேர்ந்த ஊர்தானே. மார்த்தினிக் தீவில் அந்தத் துணியைக் கட்டி மேலே எழுப்பும் முனைகளுக்குப் பொருள் சொல்வார்கள். ஒரு முனை என்றால் மனம் யாருக்கும் தரப்படவில்லை, மூன்று முனை என்றால் மணமாகிவிட்டது. 1853 முதல் புதுச்சேரி, காரைக்கால் வழியாகத் தமிழ்க் கூலித் தொழிலாளர்களும் அதே தீவுக்குக் கப்பல் ஏறினார்கள். அவர்கள் போய் இறங்கும் முன்பே நம் துணி அங்கே தலைகளில் ஏறியிருந்தது.

சரி, இன்றைக்கு வருவோம். 2024இல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு நான்கு லட்சம் ரூபாய் உதவி என்றும் சொன்னது. ஆகவே தலைத்துணி இப்போது உயிர்ப் பிரச்சினை. வெளிர் நிறத்தில், நெருக்கமில்லாத நெசவில், பருத்தியாக இருக்கட்டும். பாலியஸ்டர் வியர்வையை உறிஞ்சாது. ஈரிழைத் துண்டு இதற்கு மிக நல்லது. நம் உள்மாவட்டத்துக் காய்ந்த வெயிலில் துண்டை நனைத்துப் பிழிந்து கட்டினால், ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். காய்ந்ததும் மறுபடி நனையுங்கள். இறுக்கிக் கட்டாதீர்கள், நெற்றிக்கும் துணிக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும். சாயங்காலம் கட்டாயம் அலசிப் போடுங்கள். அதோடு ஒன்று, துண்டு கட்டியிருக்கிறோம் என்று பன்னிரண்டிலிருந்து மூன்று மணிவரை வெயிலில் நிற்கலாம் என்று நினைக்காதீர்கள். தலை சுற்றினால், வாந்தி வந்தால், வியர்வை திடீரென்று நின்றால், நிழலுக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் தெளித்து உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

ஒரே ஒரு வேண்டுகோள். வயலிலிருந்து நேராக வங்கிக்கோ தாலுகா அலுவலகத்துக்கோ வருகிற அம்மாமார்கள், வாசலிலேயே தலைத்துண்டை அவிழ்த்துச் சுருட்டிக் கையில் மறைத்துக்கொள்கிறார்கள். யாரும் சட்டம் போடவில்லை. பழைய காலத்து அவிழ்ப்பு இன்னும் உடம்பில் ஒட்டியிருக்கிறது. வேண்டாம், அம்மா. கட்டியபடியே உள்ளே வாருங்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களும் வெயிலில் வந்தவருக்கு முதலில் ஒரு நாற்காலியும் ஒரு தம்ளர் தண்ணீரும் கொடுத்துவிட்டு, பிறகு மனுவைக் கேட்கட்டும்.