பழைய பஸ்ஸும் மானசீக வாரிசும்

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் என்னிடம், "ஏதாவது உபயோகமா பேசுப்பா" என்றார். நான் பேசப்போவது கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றி. அவர் முகம் இப்போதே மாறுகிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் அண்ணா.

2007இல் நான் முதலாண்டு சேர்ந்தபோது நம் கணிப்பொறி ஆய்வகத்தில் ஒரு பஸ் விளையாட்டு இருந்தது. நம் கல்லூரி மாணவர் யாரோ டர்போ சி-யில் எழுதியது. முதல் திரையில் 1994 என்ற வருஷமும் மூன்று இனிஷியலும் வரும். நீங்கள் டவுன் பஸ் டிரைவர். ஸ்டாப்பில் நிற்கிற மாணவர்களை ஏற்றிக்கொண்டு, முதல் ஹவர் அட்டெண்டன்ஸ் எடுப்பதற்குள் கல்லூரி வாசலுக்கு வந்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

ஆனால் பஸ் பறக்கும்! நேரத்தைக் கடத்துவதற்காக எழுதியவர் ஒரு காலி லூப்பை ஆயிரக்கணக்கான தடவை சுற்றவிட்டிருந்தார். அந்தக் காலத்து மெஷினுக்கு அது சரியான வேகம். எங்கள் பென்டியம் ஃபோரில் ஸ்டாப் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. இன்னொரு குறையும் உண்டு. ஆட்டத்தின் நிலை முழுவதும் ஒரே ஒரு கோப்பில்தான் எழுதப்படும். ஒருவனை ஸ்டாப்பிலேயே விட்டுவிட்டுப் போனால் அவன் பெயருக்கு நேரே ஆப்சென்ட் விழும். பிறகு என்ன செய்தாலும் போகாது. கோப்பை அழித்தால் ஆட்டமே திறக்காது. எங்கள் கைக்கு வந்த பிரதியில் எந்தக் காலத்து அண்ணனோ ஏற்கெனவே பதினொரு பேரைத் தவறவிட்டிருந்தார். அந்தப் பாவத்தையும் சேர்த்துத்தான் நாங்கள் ஆடினோம்.

2021இல் எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்த நாளில், எங்கள் செட்டில் மூன்று பேர் இதைப் புதிதாகச் செய்வது என்று முடிவு பண்ணினோம். மூல நிரல் கிடையாது. இயங்கும் கோப்பும் கூடவே அந்த பிஜிஐ கோப்பும்தான் கையில் இருந்தது. சரி, பெரியவர்கள் இதை எப்படிச் செய்தார்கள் என்று முதலில் தேடினோம். அப்போதுதான் வேஸ்ட்லேண்ட் கதை கிடைத்தது.

அமெரிக்காவில் இன்டர்ப்ளே என்ற நிறுவனம் செய்து, எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 1988இல் வெளியிட்ட விளையாட்டு அது. அணுகுண்டுப் போருக்குப் பிறகு பாலைவனத்தில் அலையும் ரேஞ்சர்களின் கதை. ஆப்பிள் டூ-வுக்காக ஆலன் பாவ்லிஷ் அசெம்பிளியில் எழுதினார். பிளாப்பியில் இடம் போதவில்லை. அதனால் கதையின் பெரும்பகுதியைத் தனியே ஒரு புத்தகமாக அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள். "இத்தனையாவது பத்தியைப் படி" என்று திரையில் வரும், நாம் புத்தகத்தைப் புரட்ட வேண்டும். முன்கூட்டியே புரட்டிப் படிக்கிற ஆசாமிகளை ஏமாற்றவே செவ்வாய் கிரகக் கதை ஒன்றைப் பொய்யாக நடுவில் செருகியிருந்தார்கள்! பரீட்சைக்கு முந்தின நாள் மட்டும் கைடு புரட்டிய நமக்கெல்லாம் அந்தக் குறும்பு புரியும்.

அதைவிட எங்களை உலுக்கியது வேறு. நீங்கள் எந்த ஊரில் என்ன செய்தாலும் அது அந்த பிளாப்பியிலேயே எழுதப்பட்டுவிடும். பின்னால் போக வழியில்லை. முதலில் டிஸ்க்கைப் பிரதி எடுத்துக்கொண்டு அதில் ஆடுங்கள் என்பதுதான் ஏற்பாடு. எங்கள் பஸ் கோப்பின் கதையேதான்!

இந்த விளையாட்டின் பெயருக்கான உரிமை எலக்ட்ரானிக் ஆர்ட்ஸிடம் இருந்தது. 1990இல் அவர்கள் பழைய குழு இல்லாமலே ஃபௌண்டன் ஆஃப் ட்ரீம்ஸ் என்று ஒன்றை வெளியிட்டார்கள். அது எடுபடவில்லை. இன்டர்ப்ளேயிடம் ஆட்கள் இருந்தார்கள், பெயர் இல்லை. 1994இல் டிம் கெய்ன் முதலில் தனியாளாக ஒரு எஞ்சின் எழுத ஆரம்பித்தார். கர்ப்ஸ் என்ற விதிமுறைத் தொகுப்பை உரிமம் வாங்கிப் பயன்படுத்துவதாக இருந்தது. 1997இல் அதுவும் கைவிட்டுப் போக, அதே வருஷம் சொந்தமாக ஏழு குணங்களை வைத்து ஒரு முறையை அமைத்து, அக்டோபரில் வெளியிட்டார்கள். அதுதான் ஃபால்அவுட். மானசீக குரு என்கிறோமே, அதுபோல இது மானசீக வாரிசு. பத்திரத்தில் பெயர் இருக்காது, ஜாடை இருக்கும்.

ஃபால்அவுட்டிலும் குறைகள் உண்டு. கூட வருகிற தோழன் வாசற்படியில் நின்றுகொண்டு வழிவிட மாட்டான். நம் முதுகிலேயே சுட்டுவிடுவான். நான் கவனித்தது வேறு ஒன்று. ஃபால்அவுட்டில் எத்தனை தடவை வேண்டுமானாலும் சேமிக்கலாம், பின்னால் போகலாம். பிளாப்பி பயம் போய்விட்டது. ஆனால் ஆட்டம் முடிந்ததும், நீங்கள் கால்வைத்த ஊர் ஒவ்வொன்றும் என்ன ஆயிற்று என்று படம் காட்டி வரிசையாகச் சொல்வார்கள். டிஸ்க்கில் இருந்த கணக்கு கடைசிக் காட்சிக்கு இடம் மாறியிருக்கிறது. இது என் வாசிப்புதான். அவர்கள் அப்படி நினைத்துச் செய்தார்களோ என்னவோ.

எங்கள் கதைக்கு வருகிறேன். முதலில் நாங்கள் செய்ததெல்லாம் ரிப்பேர். வேகத்தைச் சரிசெய்தோம். பத்து இடத்தில் சேமிக்க வசதி கொடுத்தோம். எட்டு மாச ஞாயிற்றுக்கிழமை இதில் போயிற்று. வீட்டில் வாங்கிய வசவு தனிக் கணக்கு. இங்கே படிக்கிற தம்பிகள் சிலரிடம் கொடுத்தோம். "நல்லா இருக்குண்ணா" என்றார்கள். இருபது நிமிஷத்தில் மூடிவைத்துவிட்டார்கள். ஒரு நண்பன் அன்றோடு விலகிக்கொண்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன்.

எங்கே தப்பு என்று பார்ப்பதற்காகப் பழைய ஆட்டத்தை டாஸ்பாக்ஸில் போட்டு, வேகத்தை அன்றைய மெஷின் அளவுக்குக் குறைத்து ஓட்டினேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக பஸ் நிதானமாக நின்றது. நின்றதும் திரையின் அடியில் ஒரு வரி வந்தது. "டிரைவர் சார், ரெக்கார்ட் நோட்டை வீட்டிலேயே வச்சிட்டேன், ஒரு நிமிஷம்!" அடுத்த ஸ்டாப்பில் இன்னொரு வரி. ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு பெயர், ஒரு சாக்கு, ஒரு கவலை. எங்கள் மெஷினில் இதெல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் அழிந்துபோயிருக்கிறது. நாலு வருஷம் ஆடியும் அந்த ஆட்டத்தை நான் பார்த்ததே இல்லை. வேகத்தைச் சரிசெய்த எங்கள் பஸ்ஸில் ஆட்கள் வெறும் புள்ளிகள். எதற்காக அவனுக்கு நிற்க வேண்டும்?

ராத்திரி இரண்டு மணிவரை உட்கார்ந்து அத்தனை வரிகளையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். பிறகு இரண்டாவது முறை ஆரம்பித்தோம். இப்போது எங்கள் பஸ்ஸில் ஏறுகிறவர்கள் பேசுகிறார்கள். அவர்களுக்கு நாங்கள் எழுதியது புது வசனம். சேமிக்கிற வசதியை எடுக்கவில்லை. காலேஜ் பசங்களுக்கு மெஸ் மணி அடித்தால் எழுந்து போகணுமே. ஆனால் செமஸ்டர் முடிவில் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர் திறக்கும். ஒவ்வொரு பெயராக வாசிக்கப்படும். தவறவிட்டவன் பெயர் வரும்போது பதில் வராது. போன மாதம் ஆடிப்பார்த்த ஒரு தங்கை, யாரும் சொல்லாமலே மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

பெயரையும் மாற்றிவிட்டோம். பழைய பெயர் எங்களுடையதல்ல. அந்த மூன்று இனிஷியலை வைத்துப் பழைய மாணவர் பட்டியல் முழுக்கத் தேடினேன். நாலு பேர் பொருந்துகிறார்கள், யாரும் தாம் என்று ஒப்புக்கொள்ளவில்லை. அவருடைய அந்தப் பழைய வரிகளும் நம் ஆட்டத்தில் வரவேண்டும் என்பது எங்கள் ஆசை. கேட்காமல் எடுத்துப் போட மனசு வரவில்லை. அந்த அண்ணனோ அக்காவோ இன்றைக்கு இங்கே உட்கார்ந்திருந்தால், நூலக வாசலில் எங்கள் மேஜை இருக்கிறது. பழைய பஸ்ஸை அதன் சரியான வேகத்தில் ஓடவிட்டு வைத்திருக்கிறோம். சாயங்காலம் ஐந்து மணி வரை இருப்போம். அந்தப் பதினொரு பேரைத் தவறவிட்ட அண்ணனும் வரலாம்.