மழைக்கு முன்பே பேசி வைப்போம்



2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தை லயங்கள் மண்ணில் புதைந்ததை நாம் மறக்கவில்லை. அங்கே முன்பே எச்சரிக்கை வந்திருந்தது. போக மாற்று இடம்தான் இல்லை. பாதுகாப்பான காணி கேட்கும் நம் போராட்டம் தொடரும். அதுவரை நம் உயிரை நாமே காப்போம்.

நிலத்திலோ சுவரிலோ புது வெடிப்பு, சாயும் மரம், திறக்க முடியாமல் இறுகும் கதவு, திடீரெனக் கலங்கும் ஊற்று: ஒன்றைக் கண்டாலும் இரவென்று பாராமல் வெளியேறுங்கள். தோட்டத் தலைவருக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் சொல்லுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை 117இல் அழையுங்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், மருந்து ஒரே பையில் இருக்கட்டும். நடக்க முடியாத பெரியவர்களை யார் தூக்குவது என்று இன்றே பேசி வையுங்கள்.

வேலை கெடுமே என்று தயங்காதீர்கள். போன பேரைச் சங்கம் கேட்டு வாங்கும். போன உயிரை வாங்கித்தர எவராலும் முடியாது.