சித்தூர் அனுப்பிய சபாநாயகர்

(சங்க மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சித்தூர், திருப்பதிப் பக்கமிருந்து பிழைப்புக்காக வெளியூர் வந்தவர்கள் நம்மில் பலர். அந்த மண்ணிலிருந்து டில்லி சென்று நெடுங்காலம் பதவி வகித்தவர் அனந்தசயனம் அய்யங்கார். அவருக்குப் புகழ்மாலை சூட்ட நாம் இங்கே கூடவில்லை. வாக்காளர் என்ற முறையில் கணக்குப் பார்க்கவே கூடியிருக்கிறோம்.

1891-இல் திருப்பதியை அடுத்த திருச்சானூரில் பிறந்தார். கணக்கு வாத்தியாராக இருந்து வக்கீலானவர். 1934-இல் மத்திய சட்டசபைக்குச் சென்றார். வெள்ளைக்கார சர்க்காரைக் கேள்விகளால் திணற வைத்ததால் அங்கே அவருக்கு 'எம்டன்' என்று பெயர் விழுந்தது. 1914-இல் சென்னைமீது குண்டு போட்ட கப்பலின் பெயர் அது. நம் ஊரில் கெட்டிக்காரப் பயலை இன்றும் 'சரியான எம்டன்' என்கிறோமே, அதேதான். ஆகஸ்ட் போராட்டத்தில் சிறையும் கண்டார்.

1952-இல் திருப்பதித் தொகுதி அவரைத் தேர்ந்தெடுத்தது. 1953-இல் ஆந்திரம் தனி மாநிலமானது. சித்தூர் மாவட்டம் அதனுடன் சென்றது. தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் பேசும் மாவட்டம் அது. எல்லைத் தகராறு கொதித்துக்கொண்டிருந்த 1957-இல் சித்தூர்த் தொகுதியில் நின்றும் வென்றார். 1960-இல்தான் திருத்தணி தமிழர் பக்கம் வந்தது.

மவ்லங்கர் மறைந்ததும் 1956-இல் சபாநாயகரானார். அவரை எடைபோட ஒரு நிகழ்ச்சி போதும். ஆயுள் காப்பீட்டுக் கழகம் முந்த்ராவின் ஆறு கம்பெனிகளில் ஒரு கோடியே 24 லட்சம் ரூபாயைக் கொட்டியிருந்தது. பாலிசிதாரன் வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம்! 1957 டிசம்பரில் ஃபெரோஸ் காந்தி இதைச் சபையில் கிளப்பினார். நிதி அமைச்சகத்தின் ரகசியக் கடிதப் போக்குவரத்தையும் எடுத்துக் காட்ட முனைந்தார். ஆளும் கட்சியின் மானம் கப்பலேறும் என்று தெரிந்தும் சபாநாயகர் அவர் வாயை அடைக்கவில்லை. சாக்ளா விசாரணை நடந்தது. 1958 பிப்ரவரியில் டி.டி.கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். காங்கிரஸ்காரரான அய்யங்கார் காங்கிரஸ் அமைச்சருக்குக் கேடயமாக நிற்கவில்லை. இதை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆனால் 1962-இல் நடந்தது வேறு. சித்தூர் மக்கள் மறுபடியும் வாக்களித்து அனுப்பினார்கள். மை காய்வதற்குள், மே மாதத்தில், பீகார் ஆளுநராகப் போய்விட்டார். அன்றைய காங்கிரசில் இது வழக்கம்தான். டாக்டர் சுப்பராயன் அதற்கும் முன்பே தூதராக இந்தோனேசியா சென்றிருந்தார். பதவி பெரியது, மறுக்க முடியாது. ஆனால் வாக்குச் சீட்டு யாருக்காகப் போடப்பட்டது? நம் வார்டு கவுன்சிலர் சாக்கடை மனுவை மேசையில் போட்டுவிட்டு வாரியத் தலைவராகப் போனால் நாம் சும்மா இருப்போமா? ஆளுநர் மாளிகைக்குச் சித்தூர் விவசாயி மனு எழுத முடியுமா?

அவர் 1967 வரை பாட்னாவில் இருந்தார், 1978-இல் காலமானார். சித்தூர்க்காரர்கள் 1962-லேயே பதில் சொல்லிவிட்டார்கள். இடைத்தேர்தலில் அவர்கள் டில்லிக்கு அனுப்பியது காங்கிரஸ்காரரை அல்ல. தெனாலியில் தோற்று வந்த குண்டூர்க்காரர், சுதந்திராக் கட்சியின் என்.ஜி.ரங்காவை.