பயத்தோடு போனவர்கள்



புதுச்சேரி முதலியார்பேட்டையில் நான் வளர்ந்தபோது எங்கள் தெருவுக்கு மில் சங்குதான் கடிகாரம். முதல் சங்குக்கு உலை கொதிக்கும். அடுத்த சங்குக்குத் தூக்குச்சட்டியோடு தெருவே சைக்கிளில் கிளம்பும். ஏ.எஃப்.டி. என்று பெயர் மாறிப் பல ஆண்டுகள் ஆன பிறகும் எங்கள் பெரியவர்களுக்கு அது ரோடியர் மில்தான். 2020 ஏப்ரலோடு அதை மூடிவிட்டார்கள். இப்போது சங்கு இல்லை. அந்தச் சங்குக்கும் இன்றைய பேச்சுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

பயப்படாமல் போராடுவது எப்படி, போராட்டத்தைப் பலிக்கச் செய்வது எப்படி என்று பேசச் சொன்னார்கள். எனக்கு நம் ஊரின் 1936 ஜூலை 30தான் நினைவுக்கு வந்தது. அன்று பிரெஞ்சு அரசின் துப்பாக்கிகளுக்கு 12 ஆலைத் தொழிலாளிகள் பலியானார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் மாலை போடுகிறோம், முழக்கம் போடுகிறோம், வீட்டுக்குப் போகிறோம். அந்த நாளுக்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன நடந்தது என்பதை நம் பிள்ளைகளுக்கு நாம் ஒழுங்காகச் சொல்லவில்லை. எனக்கு அதுதான் மனக்குறை.

முன்னால் நடந்ததை முதலில் சொல்கிறேன். சவானா, ரோடியர், கெப்ளே என்று மூன்று பஞ்சாலைகள். விடிவதற்குள் உள்ளே போனால் இருட்டிய பிறகு வெளியே வரும் வேலை. பிரான்சில் 1884இலேயே தொழிற்சங்கத்தைச் சட்டம் ஏற்றுக்கொண்டுவிட்டது. அதே பிரான்சின் கொடி பறந்த புதுச்சேரியில் தொழிலாளி சங்கம் வைக்க முடியாது. 1934இல் தொழிலாளர் தலைவர் வ. சுப்பையா 'சுதந்திரம்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 23. 1935 பிப்ரவரியில் சவானா ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 84 நாள் நடந்தது.

84 நாள் என்று சொல்லிவிட்டு அடுத்த வாக்கியத்துக்கு நான் எளிதாகப் போய்விடலாம். போக மனம் வரவில்லை. கூலி வாங்கினால்தான் மறுநாள் அரிசி என்ற வீட்டில் 84 நாளை எப்படித் தள்ளியிருப்பார்கள்? மளிகைக்கடையில் கடன் சொல்ல ஒருவர் போயிருக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்து யாரோ கஞ்சி காய்ச்சியிருக்க வேண்டும். வேலைக்குத் திரும்பிவிடலாமா என்று தடுமாறியவன் வீட்டுத் திண்ணையில் ராத்திரி யாரோ போய் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். அவர்கள் பயமே இல்லாதவர்கள் என்று நாம் சிலை வடிக்கிறோம். என்னால் அதை நம்ப முடியவில்லை. பிள்ளைகுட்டிக்காரனுக்குப் பயம் இல்லாமல் இருக்குமா? பயத்தோடுதான் போனார்கள். ஆனால் தனியாகப் போகவில்லை.

நமக்கு வடக்கே, தெற்கே, எங்கே பார்த்தாலும் இந்தக் கதைதான். 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு எடுக்க நடந்தபோது, தொண்டர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுத்தால் தண்டனை என்று தஞ்சை கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டார். ஊர்க்காரர்களுக்குப் பயம்தான். போலீசை எதிர்த்து மார்பைக் காட்ட எல்லோராலும் முடியாது. அதனால் சோற்றுப் பொட்டலத்தைக் கட்டி வழியில் இருந்த மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள். கட்டியது யார் என்று போலீசுக்குத் தெரியாது, நடந்து வந்தவனுக்கோ பசி தீர்ந்தது. அந்தப் பொட்டலத்தைக் கட்டிய தாயும் உப்புச் சத்தியாக்கிரகிதான் என்று நான் சொல்வேன். பயந்தவர்களுக்கும் செய்ய ஒரு வேலை வைத்திருந்ததால்தான் அந்த நடை வேதாரண்யம் வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

புதுச்சேரிக்குத் திரும்புவோம். 1936 கோடையில் பிரான்சில் மக்கள் முன்னணி ஆட்சிக்கு வந்தது. லெயோன் ப்ளூம் பிரதமர். அங்கே தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்து, வாரம் 40 மணி நேர வேலையும் சம்பளத்தோடு விடுமுறையும் வாங்கினார்கள். ஜூலையில் நம் ஆட்களும் ஆலைக்குள் உட்கார்ந்தார்கள். அவர்கள் கேட்டதைப் பாருங்கள். 8 மணி நேர வேலை, சங்கம் வைக்கும் உரிமை. கேட்பவனுக்கும் புரியும், கொடுக்க வேண்டியவனுக்கும் புரியும், பாரிஸ் பத்திரிகைக்காரனுக்கும் புரியும். உங்கள் நாட்டுத் தொழிலாளிக்கு நீங்கள் கொடுத்ததை எங்களுக்கும் கொடுங்கள் என்று கேட்டவனுக்கு அந்த அரசால் நேர்மையாக மறுமொழி சொல்ல முடியவில்லை. துப்பாக்கியால் சொன்னது.

12 பேர் போனார்கள். அன்று ராத்திரி நம் தெருக்கள் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இனி யார் வாய் திறப்பார்கள் என்று ஆலை முதலாளிகள் எண்ணியிருப்பார்கள். போராட்டங்களில் பாதி செத்துப்போவது இந்த மறுநாளில்தான். கூட்டத்தில் ஒரு பாதி கதவைச் சாத்திக்கொள்ளும். இன்னொரு பாதி ஆத்திரத்தில் கல்லைத் தூக்கும். இரண்டும் பயத்தின் பிள்ளைகள்தான் என்பது என் எண்ணம்.

இங்கே மூன்றாவதாக ஒன்று நடந்தது. செய்தி கடல் தாண்டிப் போனது. அந்த அக்டோபரில் நேரு புதுச்சேரிக்கு வந்தார். அடுத்த ஆண்டு சுப்பையா பாரிசுக்கே போனார். கையெழுத்துப் போடும் கை எங்கே இருக்கிறதோ அங்கே போய் நின்றார். 1937 ஏப்ரலில் 8 மணி நேர வேலையும் தொழிற்சங்க உரிமையும் பிரெஞ்சிந்தியாவுக்குச் சட்டமாயின. அப்போது எல்லைக்கு அந்தப் பக்கம், பிரிட்டிஷ் இந்தியாவில், 1934 ஆலைச் சட்டப்படி ஒரு நாளுக்கு 10 மணி நேரம், வாரத்துக்கு 54 மணி நேரம். எல்லை தாண்டிக் கோட்டக்குப்பத்துக்குள் போனால் வேலை நாள் நீண்டுவிடும்! இத்தனை சிறிய ஊர் அதைச் சாதித்தது.

நம் காலத்தில் தூத்துக்குடி இருக்கிறது. 2018 மே 22, ஸ்டெர்லைட் தாமிர ஆலை எதிர்ப்புப் போராட்டத்தின் 100ஆம் நாள், துப்பாக்கிச் சூடு, 13 பேர் சாவு. ஆலையை மூட அரசு ஆணை போட்டதும் அந்த ஊர் மக்கள் ஓய்ந்து உட்காரவில்லை. பசுமைத் தீர்ப்பாயம், உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று வழக்கு போன இடமெல்லாம் கூடவே போனார்கள். ஆலையின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 29 அன்று தள்ளுபடி செய்தது. ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் நிலத்தடி நீர் அறிக்கையையும் வாய்தா தேதியையும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்த அந்தப் பொறுமையை யாரும் படம் எடுக்க மாட்டார்கள். நான் கையெடுத்துக் கும்பிடுவது அதைத்தான்.

இனி நம்மைப் பற்றி. நம்முடையது சின்ன ஊர். கடற்கரைச் சாலையில் நின்று முழக்கம் போட்டால் மாமனும் பார்ப்பார், மேலதிகாரியும் பார்ப்பார். ஒரு வழக்கு விழுந்தால் பாஸ்போர்ட் என்னாகும், மகனின் அரசு வேலை என்னாகும் என்ற பயம் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. அது நியாயமான பயம். அதைக் கோழைத்தனம் என்று மேடையிலிருந்து திட்டுகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை.

எனக்கு வருத்தம் தருவது வேறு. எதற்கெடுத்தாலும் பந்த் என்று நாம் பழகிவிட்டோம். ஷட்டரை இறக்கச் சொல்லி நாலு பேர் பைக்கில் வந்தால் கடைக்காரர் இறக்குகிறார். நம் கோரிக்கைக்காகவா இறக்குகிறார்? கண்ணாடி உடையும் என்ற பயத்தில் இறக்குகிறார். பெரிய மார்க்கெட்டில் பூக்கட்டும் அம்மாவுக்கு அன்று மாலை பூவெல்லாம் வாடிப்போகிறது. அவரைப் பயமுறுத்தி ஒரு நாள் ஊரை நிறுத்திவிட்டு, நாம் அரசுக்கு அஞ்சாதவர்கள் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. அந்த அம்மா தானாக முன்வந்து கூடையை இறக்கி வைத்துவிட்டு நம் பக்கத்தில் வந்து உட்கார வேண்டும். அதற்கு முந்தைய வாரமே அவரிடம் போய், இதுதான் கேட்கிறோம், இன்னாரிடம் கேட்கிறோம், உங்கள் ஒரு நாள் வரும்படிக்கு நாங்கள் பொறுப்பு என்று பேச வேண்டும். கால் வலிக்கிற வேலை அது. சுப்பையாவின் தலைமுறை அதைச் செய்தது.

முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் கல்லூரிப் பிள்ளைகளே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்த அரங்கின் வாசலில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். வீரவசனம் எழுத வேண்டாம். ராத்திரி யாரையாவது பிடித்துப்போனால் காவல் நிலையத்துக்கு வரக்கூடிய வக்கீல் யார், உள்ளே போனவர் வீட்டுப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட யாரால் முடியும், தகவல் உரிமை மனு எழுத யாருக்குத் தெரியும், தெருவுக்கு வர முடியாதவர்களில் யார் நூறு பேருக்குச் சோறு சமைக்கத் தயார் என்று எழுதுங்கள். பெயரும் தெருவும் மட்டும் போதும். பேனாவும் பக்கத்திலேயே கட்டியிருக்கிறது.