கூரையை மாற்றுவதற்கு முன் ஒரு வாளித் தண்ணீர்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் இன்ஜினியர் இல்லை. பி.காம். படித்து, 36 வருடம் வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். கூரையைப் பற்றிப் பேச எனக்கு உள்ள ஒரே தகுதி, அதில் பணத்தை விட்டவன் என்பதுதான்.

நம்முடையது வெயிலை நம்பிப் பிழைக்கும் பகுதி. மழையும் காற்றில் ஈரமும் குறைவு என்பதால்தான் சிவகாசிப் பக்கம் தீப்பெட்டியும் பட்டாசும் வேரூன்றின. அதனால் கூரை என்றாலே நமக்கு வெயில்தான் ஞாபகம் வரும். மழை ஞாபகம் வருவது ஐப்பசியில், நடு அறையில் சொட்டும்போதுதான்.

என் வீடு 1991-இல் கட்டியது. ஓய்வு பெற்ற வருடம் நடு அறையில் ஒழுகல். ஒரு கான்ட்ராக்டர் வந்து பார்த்து, "மாடி முழுக்கக் கூல் டைல்ஸ் போட்டால் சரியாகிவிடும்" என்றார். பழைய தட்டோட்டைப் பெயர்க்காமல் அதன் மேலேயே பதித்தார். 1,40,000 ரூபாய் செலவு. அடுத்த ஐப்பசியில் அதே இடத்தில் ஒழுகியது. ஒரு நாள் இரவு உட்கூரைப் பூச்சு பெயர்ந்து கட்டிலின் தலைமாட்டில் விழுந்தது. என் மனைவி தண்ணீர் குடிக்க எழுந்து அடுப்படிக்குப் போயிருந்தாள். தலையணையில் கிடந்த சிமென்ட் கட்டியைத் தூக்கிப் பார்த்தபோது என் கை நடுங்கியது.

மறுநாள் வயதான கொத்தனார் ஒருவர் வந்தார். கரண்டியைத் தொடவே இல்லை. ஒரு வாளித் தண்ணீரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, என்னைக் கீழே நின்று பார்க்கச் சொன்னார். மூலையில் மழைநீர்க் குழாயின் வாயில் ஊற்றியதும் கீழே ஈரம் படர்ந்தது. குழாய் தளத்தில் இறங்கும் இடத்தில் விரிசல். குழாய் வாயை அடைத்துக்கொண்டிருந்தது தீபாவளிப் பட்டாசுக் காகிதம். "சார், ஓட்டை இங்க இருக்கு, நீங்க மாடி பூரா காசைக் கொட்டியிருக்கீங்க" என்றார். குழாயைச் சரிசெய்ய ஆனது 1,800 ரூபாய். அதற்குள் துருப்பிடித்துவிட்ட கம்பிகளைச் சுத்தம் செய்து பூச ஆனது 38,000.

வவுச்சர் சரியாக இல்லாமல் பணம் கொடுக்கக் கூடாது என்று வாழ்நாள் முழுக்க அடுத்தவர்களுக்குச் சொன்னவன், என் வீட்டில் அதைச் செய்யவில்லை. நீங்களாவது செய்ய வேண்டும் என்பதற்காகச் சில விஷயங்கள்.

முதலாவது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மழை இல்லாத நாளிலும் ஈரம் இருந்தால், கூரையை விட்டுவிட்டு மேல்நிலைத் தொட்டியையும் குழாயையும் சந்தேகப்படுங்கள். மழை பெய்தால் மட்டும் ஒழுகினால், குழாய் வாய், கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, தண்ணீர் தேங்கும் பள்ளம் ஆகிய மூன்றையும் பாருங்கள். வாட்டம் சரியில்லாத மாடியில் எந்த டைல்ஸ் போட்டாலும் தண்ணீர் நிற்கத்தான் செய்யும்.

இரண்டாவது, பாரம். 1 அங்குலக் கனத்துக்குச் சிமென்ட் கலவை போட்டால் சதுர அடிக்குச் சுமார் 5 கிலோ. 1,000 சதுர அடி மாடிக்கு 5 டன். பழையதைப் பெயர்க்காமல் மேலே மேலே போட்டால் அத்தனையையும் தளம்தான் தாங்க வேண்டும். உட்கூரையைக் கம்பால் தட்டிப் பாருங்கள். பொக்கென்று சத்தம் வந்தாலோ, துருக்கறை தெரிந்தாலோ, முதலில் ஒரு சிவில் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். மரக்கட்டை போட்டுச் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் கட்டையின் முனை உளுத்திருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உடைக்கும்போதும் அறுக்கும்போதும் பறக்கும் தூசியில்தான் ஆபத்து. தண்ணீர் தெளித்து நனைத்து, போல்ட்டைக் கழற்றி, முழுசாக இறக்கச் சொல்லுங்கள். குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். பழைய ஷீட் ஆள் பாரம் தாங்காது. பலகை போட்டு அதன் மேல்தான் நடக்க வேண்டும். "பழக்கம்தான் சார்" என்று வேலையாள் சொன்னாலும் விடாதீர்கள். அவர் வீட்டிலும் நாலு பேர் காத்திருப்பார்கள்.

நான்காவது, வெயில். சூடு மட்டும்தான் பிரச்சினை என்றால் கூரையை மாற்ற வேண்டியதே இல்லை. வெள்ளையடித்த மாடி வெயிலைத் திருப்பி அனுப்பும். தெலங்கானா அரசு 2023-இல் குளிர்கூரைக்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்தது. சூரிய மின்தகடு வைக்க நினைப்பவர்கள் முதலில் மாடியைச் சரிசெய்துவிடுங்கள். 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு தரும் மானியம் 78,000 ரூபாய். தகட்டை வைத்த பிறகு ஒழுகினால், அதைக் கழற்றி மாட்டவே தனிச் செலவு.

ஐந்தாவது, என் தொழில் சார்ந்தது. என்ன வேலை, எத்தனை சதுர அடி, பழையதைப் பெயர்த்து அள்ளும் கூலி யாருடையது என்று எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். பணத்தை வேலை நடக்க நடக்கத் தவணையாகக் கொடுங்கள். ஒரு பகுதியை ஒரு மழைக்காலம் கழித்துத் தருவதாக முன்பே பேசிக்கொள்ளுங்கள். கடன் வாங்கிச் செய்தால், பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குக் குடியிருக்கும் வீட்டின் பழுதுபார்ப்புக் கடன் வட்டியில் வருடத்துக்கு 30,000 ரூபாய் வரை கழிவு உண்டு. ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள்.

வேலையைத் தை, மாசியில் வைத்துக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் கலவை சீக்கிரம் காய்ந்து வெடிக்கும். நனைக்க நம் ஊரில் தண்ணீரும் கிடைக்காது. ஐப்பசி வரை தள்ளிப் போடவும் வேண்டாம். 2023 டிசம்பரில் நமக்குத் தெற்கே காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதை மறந்திருக்க மாட்டீர்கள்.

கடைசியாக ஒன்று. இதற்குக் காசு வேண்டாம். தீபாவளிக்கு மறுநாள் காலையில் எல்லோரும் வாசலைப் பெருக்குகிறோம். அதே விளக்குமாற்றோடு மாடிக்கும் ஏறி, குழாய் வாயில் கிடக்கும் பட்டாசுக் காகிதத்தை அள்ளிவிடுங்கள். அதைச் செய்திருந்தால் இன்று உங்கள் முன்னால் பேச எனக்கு விஷயமே இருந்திருக்காது.