செல்லப் பிராணியின் கடைசி ஊசி

தோட்டத்தில் நாய் வளர்க்காத வீடு குறைவு. குட்டியைத் தூக்கி வருவதும், பெயர் வைப்பதும், சோற்றுத் தட்டு ஒதுக்குவதும் நமக்குப் பழகிய காரியங்கள். அதே நாய் கிழமாகி, மருந்துக்கு அடங்காத நோயில் கிடக்கும்போது மிருக வைத்தியர் 'ஊசி போட்டு விடலாம்' என்கிறாரே, அந்த நேரத்தைப் பற்றி யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை. இன்று அதைப் பேசுவோம்.

எங்கள் வீட்டு நாய்க்கு வயது 13. சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போயிற்று. குடித்த தண்ணீரையும் வாந்தி எடுத்தது. நிற்க முயன்றால் பின்னங்கால்கள் மடிந்தன. பட்டணத்து வைத்தியர் இரத்தத்தைச் சோதித்துவிட்டு, இனி மருந்தில்லை என்றார். அவருடைய முடிவில் எங்களுக்கு அன்றும் ஐயமில்லை, இன்றும் இல்லை. அது நடந்த விதந்தான் எங்களை வாட்டியது.

முன்னங்காலில் மயிரைச் சிரைத்து நரம்பைத் தேடினார்கள். நீர் வற்றிய உடம்பில் இரத்தக் குழாய் சுருங்கிக் கிடக்கும், எளிதில் அகப்படாது. இரண்டு முறை குத்தினார்கள். நாய் வீறிட்டுக் கத்தியது. மூன்றாம் முறை, மற்றக் காலில் மருந்து இறங்கியது. வைத்தியர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து, 'முடிந்தது' என்று சொல்லிக் கையுறையைக் கழற்றினார். அப்போது நாய் வாயைத் திறந்து நீளமாக ஒரு மூச்சு இழுத்தது. சற்றுப் பொறுத்து இன்னொன்று. 'ஐயையோ, உயிர் இருக்குங்க டாக்டர்!' என்று பிள்ளைகளின் தாயார் அலறிவிட்டார். யாரும் ஒன்றும் விளக்கவில்லை. வெளியே அடுத்த நாய் காத்திருந்தது.

எட்டு வயது மகன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பணம் கட்டுமிடத்தில் இருந்தவர், நல்ல எண்ணத்தோடுதான், 'அழாதே தம்பி, ஊசி போட்டுத் தூங்க வெச்சிருக்காங்க' என்றார். மறுநாள் காலையில் வீட்டில் பாட்டி வழக்கம்போல் இன்சுலின் ஊசியை எடுத்தார், சர்க்கரை வியாதிக்காரர். பையன் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். 'வேணாம் பாட்டி, போட்டா தூங்கிடுவீங்க!' அன்றிரவு தானும் படுக்க மறுத்தான். இப்படியே மூன்று வாரம்.

அந்த மூச்சுக்கு என்ன பொருள்? இந்த ஊசியில் பெரும்பாலும் பயன்படுவது பென்டோபார்பிட்டோன் என்ற மருந்து. ஒரு காலத்தில் அறுவைச் சிகிச்சைக்கு மயக்கம் கொடுக்கப் பயன்பட்டதுதான். அதையே அளவு மீறிச் செலுத்தும்போது முதலில் மூளையின் உணர்வு போய்விடுகிறது. நரம்பில் சரியாக இறங்கினால் சில விநாடிகளே ஆகும். அடுத்து மூச்சும், சில நிமிடங்களில் இதயமும் நிற்கின்றன. அதன் பிறகும் தசைகள் தாமாகத் துடிக்கலாம். மூச்சு இழுப்பதுபோல் வாய் திறக்கலாம், சிறுநீர் கழியலாம். கண் மூடாது. இவையெல்லாம் உணர்வற்ற உடம்பின் அசைவுகள்; அங்கே வலி இல்லை. இந்த நான்கு வாக்கியங்களை முன்கூட்டிச் சொல்ல எவ்வளவு நேரமாகும்?

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போ என்று ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நமக்குக் கற்பித்தார்கள். குழந்தைக்குத் தெரிந்தது தூக்கம். அதைச் சாவுக்குப் பெயராக்கினால் தூக்கமே பயமாகிவிடுகிறது. ஆகவே, நாய் செத்துவிட்டது, அதன் இதயம் நின்றுவிட்டது, இனி எழாது என்று சொன்னோம். பாட்டியின் மருந்து வேறு. நம் உடம்பு தானே சுரக்கும் பொருள் அவருக்குப் போதவில்லை, அதனால் வெளியிலிருந்து போடுகிறார் என்றும் சொன்னோம். 'அதுக்கு வலிச்சுதா?' என்று கேட்டான். குத்தும்போது வலித்தது, பிறகு வலிக்கவில்லை என்றோம். மறுநாள் மருந்துக் குப்பியின் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்த பிறகே பாட்டியிடம் கொடுத்தான்.

வைத்தியரிடம் கேட்கத் தயங்க வேண்டாம். முதலில் தசையில் ஓர் அமைதி ஊசி போட முடியுமா என்று கேளுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் நாய் அரைமயக்கத்தில் அடங்கிவிடும், நரம்பைத் தேடும் வேதனை அதற்குத் தெரியாது. எல்லா நாய்க்கும் அது பொருந்தும் என்று சொல்வதற்கில்லை. தீர்மானிக்க வேண்டியவர் வைத்தியர். உடன் இருப்பதா, வெளியே நிற்பதா என்பதையும் முன்னரே பேசிக்கொள்ளுங்கள்.

செலவுக்கு அஞ்சிச் சிலர் சோற்றில் விஷம் கலக்கிறார்கள். சிலர் செம்பனைக் காட்டு ஓரத்தில் இறக்கிவிட்டு வருகிறார்கள். கொடிய செயல். மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி, விலங்கைக் கொடுமைப்படுத்துவோருக்கு 20,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே கிடைக்கலாம்.

உடலை வீட்டுக்குக் கொண்டுவந்தால் தோட்ட நிர்வாகத்திடம் இடம் கேட்டு, இடுப்பளவுக்குக் குறையாமல் குழி வெட்டுங்கள். அந்த மருந்து செத்த உடலிலும் தங்கியிருக்கும். காட்டுப் பன்றியோ உடும்போ பக்கத்து வீட்டு நாயோ தோண்டித் தின்றால் அதுவும் சாகக்கூடும். மண்ணை நன்றாக மிதித்து, மேலே கனமான கற்களை அடுக்கிவிடுங்கள்.